பால் திரித்த தண்ணீர் ஏன் பச்சையாக ஒளிர்கிறது? ஃபிளேவின் பற்றித் தெரிந்தவர்கள் வாருங்கள்

தண்டையார்பேட்டை டியூஷன்

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாக்கெட் பால் காய்ச்சும்போது லேசாகத் திரிந்துவிட்டது. வீணாக்க மனமில்லாமல் எலுமிச்சம்பழம் பிழிந்து பனீர் ஆக்கிவிட்டேன். துணியில் வடிந்த தண்ணீரை எட்டிப் பார்த்த ஒரு மாணவி, "மிஸ், பால் வெள்ளை, பனீரும் வெள்ளை. தண்ணீர் மட்டும் ஏன் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கிறது?" என்று கேட்டாள்.

கீழே மளிகைக் கடையில் ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கை இரவல் வாங்கி வந்தேன். தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைக் காட்டினோம். டம்ளர் முழுக்கப் பச்சை வெளிச்சம். பக்கத்தில் வைத்த குடிதண்ணீரில் ஒன்றும் இல்லை. பத்துப் பிள்ளைகளும் ஒரே குரலில் "ஆ" என்றார்கள்.

அது ரைபோஃபிளேவின் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது ஏன் மஞ்சளாக இருக்கிறது, பாலில் அதற்கு என்ன வேலை என்று கேட்டபோது என் கையில் இருந்தது ஒரே வரிதான்: "வைட்டமின் பி2, குறைந்தால் வாய்ப்புண்." அதை மட்டும் சொல்லி அவர்களை அனுப்ப விருப்பமில்லை. வரும் ஞாயிறு முழு வகுப்பையும் இதற்கே ஒதுக்கப் போகிறேன். உதவி செய்யுங்கள்.

வியாசர்பாடி பயோகெம்

அக்கா, எனக்கு மிகவும் பிடித்த மூலக்கூறு இது. உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஃபிளேவின் என்பது ஒரே பொருள் அல்ல, ஒரு குடும்பம். ஒன்றோடு ஒன்று ஒட்டிய மூன்று வளையங்கள், அவற்றுக்குள் நான்கு நைட்ரஜன் அணுக்கள். அந்தச் சட்டத்துக்கு ஐசோஅல்லாக்சசீன் என்று பெயர். மஞ்சள் நிறம் அங்கேதான் இருக்கிறது. அதில் ரிபிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் வால் ஒட்டினால் ரைபோஃபிளேவின். வாலின் நுனியில் ஒரு பாஸ்பேட் சேர்ந்தால் எஃப்எம்என். அதோடு இன்னொரு பாஸ்பேட்டும் அடினோசினும் சேர்ந்தால் எஃப்ஏடி. நம் உடம்பு சாப்பாட்டில் வரும் பி2வை இந்த இரண்டாகவும் மாற்றித்தான் பயன்படுத்துகிறது.

அந்த வளையங்கள் சுமார் 450 நானோமீட்டரில் நீல ஒளியை விழுங்கும். நீலம் போனால் மிச்சம் கண்ணுக்கு மஞ்சள். சுமார் 370 நானோமீட்டரில் இன்னொரு விழுங்கல் உண்டு, உங்கள் நோட்டு விளக்கு வேலை செய்தது அதனால்தான். விழுங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை 530 நானோமீட்டர் பக்கத்தில் பச்சையாக வெளியே விடுகிறது. தண்ணீரில் பச்சைச் சாயல் தெரிவதற்கும் அதுவே காரணம்.

பாலிலேயே அது இருக்கிறது. ஆனால் கொழுப்பும் புரதமும் ஒளியைச் சிதறடித்து எல்லாவற்றையும் வெள்ளையாகக் காட்டிவிடுகின்றன. நீங்கள் அவற்றைத் திரித்து எடுத்துவிட்டீர்கள், தண்ணீரில் கரைந்த மஞ்சள் வெளியே தெரிந்துவிட்டது.

ராயபுரம் அம்மா

நல்ல கேள்வி டீச்சர். எனக்கு ஒரு சந்தேகம். மஞ்சள் கிழங்கு, முட்டைக் கரு, சாமந்திப் பூ எல்லாமே மஞ்சள்தானே, அதெல்லாம் ஃபிளேவின்தானா? சத்து மாத்திரை டப்பாவில் ஃபிளேவனாய்டு என்று போட்டிருக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

வியாசர்பாடி பயோகெம்

இல்லை அம்மா. நிறம் ஒன்று, பொருள் வேறு வேறு. மஞ்சள் கிழங்கில் இருப்பது குர்குமின். முட்டைக் கருவிலும் சாமந்தியிலும் இருப்பவை கரோட்டினாய்டுகள். ஃபிளேவனாய்டும் தனிக் குடும்பம், அதன் வளையங்களில் நைட்ரஜனே கிடையாது. லத்தீனில் ஃபிளாவுஸ் என்றால் மஞ்சள். இரண்டு பெயரும் அந்தச் சொல்லில் இருந்து பிறந்தவை, அவ்வளவுதான் உறவு.

முட்டையில் ஃபிளேவினைப் பார்க்க வேண்டுமானால் கருவை விட்டுவிட்டு வெள்ளையைப் பாருங்கள். உடைத்து ஊற்றும்போது பச்சை மஞ்சளாக ஒரு சாயல் தெரியும். அங்கே ரைபோஃபிளேவினைப் பிடித்து வைக்கவே ஒரு தனிப் புரதம் இருக்கிறது.

ராயபுரம் அம்மா

ஆமாம் தம்பி! அதைப் பார்த்து முட்டை கெட்டுவிட்டது என்று நான் எத்தனையோ தடவை கொட்டியிருக்கிறேன்.

மிண்ட் மருந்துக்கடை

மிண்ட் பக்கம் பல வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போனவர்கள் அடுத்த நாள் பயந்து திரும்பி வருவது வாடிக்கை. "சார், சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறது, மஞ்சள் காமாலையா?" என்பார்கள். உடம்பு ரைபோஃபிளேவினைச் சேர்த்து வைப்பதில்லை. மாத்திரையில் பெரும்பாலும் 10 மில்லிகிராம் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவையோ சுமார் ஒன்றரை மில்லிகிராம். மிச்சம் அப்படியே சிறுநீரில் போகிறது. சாதாரண நாளில் சிறுநீருக்கு இருக்கும் மஞ்சள் வேறு, அது யூரோபிலின். மாத்திரை போடாமலே அடர்ந்த மஞ்சளாகப் போனாலோ, கண் வெள்ளை மஞ்சளானாலோ மருத்துவரைப் பாருங்கள், கடைக்கு வராதீர்கள்.

வாய்ப்புண் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உதட்டு ஓரம் வெடிப்பது, நாக்கு சிவந்து எரிவது இரண்டும் பி2 குறைந்தால் வரும், உண்மைதான். ஆனால் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 குறைந்தாலும் அதே மாதிரிதான் வரும். பூஞ்சைத் தொற்றிலும் வரும். மாதக்கணக்கில் மஞ்சள் மாத்திரையை மட்டும் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பால், தயிர், முட்டை, ஈரல், கீரை, இவை வீட்டில் புழங்கினால் பி2 பற்றாக்குறை எளிதில் வராது.

தண்டையார்பேட்டை டியூஷன்

சார், மிகவும் நன்றி. பயோகெம் தம்பி, நிறம் புரிந்தது. வேலை என்ன? பிள்ளைகள் அதைத்தான் விடாமல் கேட்கிறார்கள்.

வியாசர்பாடி பயோகெம்

வேலைக்கு வருகிறேன் அக்கா. எனக்கு இது புரிந்தது பேருந்தில் சில்லறைத் தகராறைப் பார்த்த பிறகுதான்.

சாப்பாட்டில் இருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்களை என்ஏடிஎச் என்ற மூலக்கூறு சுமந்து வருகிறது. அது எப்போதும் இரண்டு எலக்ட்ரானைச் சேர்த்தேதான் கொடுக்கும், இரண்டு ரூபாய் நோட்டு மாதிரி. வாங்க வேண்டிய இரும்பு–கந்தகக் கொத்துகளோ ஒவ்வொன்றாகத்தான் வாங்கும், ஒரு ரூபாய்க் காசு மட்டும் எடுக்கும் இயந்திரம் மாதிரி. நடுவில் சில்லறை மாற்றித் தர ஒருவர் வேண்டும். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவில், எலக்ட்ரானைக் கைமாற்றும் புரதக் கூட்டமைப்புகளில் முதலாவதில் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது எஃப்எம்என். இரண்டாவதில் எஃப்ஏடி. ஃபிளேவின் இரண்டையும் சேர்த்து வாங்கும், ஒவ்வொன்றாகவும் கொடுக்கும். ஒரு எலக்ட்ரானோடு பாதி வழியில் நிற்கவும் அதற்குத் தெரியும். இந்த மூன்று நிலையும் ஒரே மூலக்கூறுக்கு வாய்ப்பது அபூர்வம். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சின் ஆக்சிஜனுக்கும் எலக்ட்ரான் போய்ச் சேருவது இந்த வழியாகத்தான்.

இதில் என்னை இன்றைக்கும் வியக்க வைப்பது நிறம். எலக்ட்ரானை வாங்காத நிலையில் மஞ்சள். இரண்டும் வாங்கிவிட்டால் நிறம் போய்விடும், ஒளிர்வும் அடங்கிவிடும். ஒன்று மட்டும் வைத்திருக்கும்போது சில நொதிகளில் நீலமாகவும் சிலவற்றில் சிவப்பாகவும் தெரியும். கணக்குப் புத்தகத்தை நிறத்தில் எழுதி வைத்த மாதிரி. நொதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஆய்வகத்தில் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதைக் கண்டுபிடித்த வழியும் நிறம்தான். 1932இல் பெர்லினில் ஓட்டோ வார்பர்கும் வால்டர் கிறிஸ்டியானும் ஈஸ்டில் இருந்து ஒரு மஞ்சள் நொதியைப் பிரித்தார்கள். அங்கே வேலை பார்க்கப் போன சுவீடன்காரர் ஹியூகோ தியோரெல், மஞ்சளைத் தனியாகவும் புரதத்தைத் தனியாகவும் பிரித்தார். புரதம் நிறமிழந்தது, வேலையும் நின்றது. மஞ்சளைத் திரும்பச் சேர்த்தார், வேலை திரும்ப வந்தது. நொதி என்றால் புரதத்தோடு இன்னொரு சிறிய துணையும் சேர்ந்து உழைக்கலாம் என்று தெளிவானது இப்படித்தான். அவருக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது.

பழைய வண்ணை சாயக்காரர்

டீச்சர் அம்மா, நான் இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "நிறம் போய்விடும், திரும்ப வரும்" என்று தம்பி எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

முப்பது வருஷம் சாயப் பட்டறையில் இருந்தவன் நான். எங்கள் அப்பா பெரம்பூர் பின்னி மில்லில் இருந்தார், 1996இல் மில் மூடும் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். நீலச் சாயம் போடும்போது தொட்டியில் ஹைட்ரோஸ் போடுவோம். சாயம் நிறம் மாறி, தண்ணீரில் கரையும். துணியைத் தூக்கிக் காற்றில் பிடித்தால் கண்ணெதிரே நீலம் திரும்ப ஏறும். தம்பி சொல்வதும் அதே தொழில்தானே? உங்கள் மஞ்சள் தண்ணீரில் ஹைட்ரோஸ் போட்டால் நிறம் போகுமா?

வியாசர்பாடி பயோகெம்

ஐயா, போகும்! இதை நான் சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஹைட்ரோஸ் என்பது சோடியம் டைதயோனைட். அது ஃபிளேவினுக்கு எலக்ட்ரான் கொடுத்துவிடும். மஞ்சளும் போகும், பச்சை ஒளிர்வும் போகும். உணவில் எவ்வளவு ரைபோஃபிளேவின் இருக்கிறது என்று ஒளிர்வை வைத்து அளக்கும் பழைய முறையிலேயே இது உண்டு. முதலில் ஒளிர்வை அளப்பார்கள். பிறகு ஹைட்ரோஸ் போட்டு ரைபோஃபிளேவினை அணைத்து, மிச்சம் இருக்கும் வெளிச்சத்தைக் கழிப்பார்கள்.

அக்கா, வகுப்பில் செய்தால் பால் தண்ணீர் வேண்டாம். ஒரு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

பழைய வண்ணை சாயக்காரர்

ஒரு எச்சரிக்கை அம்மா. ஹைட்ரோஸ் டப்பாவில் ஈரம் படவே கூடாது. பட்டால் சூடேறும், புகையும், தொண்டையை அடைக்கும் கந்தக வாடை வரும். கொஞ்சம் தண்ணீர் சிந்தி ஒரு டப்பா முழுக்கப் புகைந்ததை நான் பார்த்திருக்கிறேன். மொட்டை மாடியில், காற்று ஓடும் இடத்தில், நீங்களே ஒரு சிட்டிகை போடுங்கள். பிள்ளைகள் கையில் தர வேண்டாம். டம்ளரைப் பிறகு சமையலறைக்குக் கொண்டு போகாதீர்கள்.

காசிமேடு விசைப்படகு

வணக்கம் அக்கா. நான் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன். வேதியியல் தெரியாது. ஒளிர்கிறது என்று எல்லோரும் பேசுவதால் கேட்கிறேன். ஐஸ் சரியாகப் படாமல் ராத்திரி இருட்டில் கிடந்த மீன் மேலே நீலமாக ஒரு வெளிச்சம் இருக்கும். கையில் தடவினால் கையிலும் ஒட்டும். சின்ன வயதில் பேய் என்று பயமுறுத்துவார்கள். காரப்பொடி மீனில் சில நேரம் வயிற்றுப் பக்கமே வெளிச்சம் இருக்கும் என்று எங்கள் மாமா சொல்வார். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர்ப் பக்கம் அலை நீலமாக மின்னியதே, அதுவும் இதுவும் ஒன்றா? இதற்கும் நீங்கள் பேசும் மஞ்சளுக்கும் சம்பந்தம் உண்டா?

வியாசர்பாடி பயோகெம்

அண்ணா, உங்கள் மாமா சொன்னது முழு உண்மை. இந்த இழையிலேயே சிறந்த கேள்வி இதுதான்.

மீன் மேல் மினுக்குவது கடல் பாக்டீரியா. அது வெளிச்சம் போட எரிப்பது ஃபிளேவினைத்தான். எலக்ட்ரான் வாங்கி நிறமிழந்த எஃப்எம்என், ஒரு நீண்ட சங்கிலி ஆல்டிஹைடு, ஆக்சிஜன் மூன்றும் ஒரு நொதிக்குள் சேரும்போது, சுமார் 490 நானோமீட்டரில் நீலப் பச்சை ஒளி வரும். எஃப்எம்என் பழைய மஞ்சளுக்குத் திரும்பிவிடும். டீச்சர் அக்கா டம்ளரில் பார்த்தது வெளியே இருந்து விழுந்த ஒளியை விழுங்கித் திருப்பி விட்ட ஒளி. நீங்கள் பார்த்தது உயிர் தானே செய்த ஒளி. மூலக்கூறு மட்டும் ஒரே குடும்பம்.

காரப்பொடியின் கதை இன்னும் அழகு. அதன் உணவுக்குழாயைச் சுற்றி ஒரு சின்ன ஒளி உறுப்பு இருக்கிறது, அதற்குள் இந்த பாக்டீரியாவைக் குடிவைத்து வளர்க்கிறது. அந்த பாக்டீரியாவின் அறிவியல் பெயரிலேயே மீனின் பெயர் இருக்கிறது: ஃபோட்டோபாக்டீரியம் லெயோக்னாதி. காரப்பொடியின் அறிவியல் பெயர் லெயோக்னாதஸ். நாம் ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வறுக்கும் மீனுக்குள் ஒரு விளக்கு இருக்கிறது, நினைத்துப் பாருங்கள்.

2019இல் அலை மின்னியது வேறு. அது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி, அதன் ஒளிப்பொருள் ஃபிளேவின் அல்ல.

காசிமேடு விசைப்படகு

இத்தனை வருஷம் காரப்பொடியைக் கூடை கூடையாக அள்ளியிருக்கிறேன், விளக்கு இருப்பது இன்றைக்குத்தான் தெரியும். மாமாவிடம் இன்றே சொல்கிறேன்.

ராயபுரம் அம்மா

படிக்கப் படிக்க சந்தோஷமாக இருக்கிறது. இன்னொன்று கேட்கிறேன். எங்கள் தெருவில் ஒரு கடையில் பால் பாக்கெட்டை டிரேயோடு வெயிலில் வைத்துவிடுகிறார்கள். ஒன்பது மணிக்குப் போனால் பாலில் ஒரு மாதிரி வாடை. கெட்டுப்போகவில்லை, திரியவும் இல்லை, ஆனால் வாடை. கடைக்காரரிடம் சொன்னால், "கொதிக்க வைத்தால் போய்விடும்" என்கிறார். காய்ச்சினால் சத்து போகாதா, வெயிலில் போகுமா?

மிண்ட் மருந்துக்கடை

அம்மா, ரைபோஃபிளேவின் சூட்டைத் தாங்கும், வெளிச்சத்தைத் தாங்காது. காய்ச்சுவதால் அதிகம் போகாது. வெயிலில் கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் பாதியளவு போய்விடும். ரைபோஃபிளேவின் கலந்த சிரப்புகள் பழுப்புப் பாட்டிலில் வருவதற்கும் இதுதான் காரணம்.

வியாசர்பாடி பயோகெம்

வாடைக்கும் ஃபிளேவின்தான் காரணம் அம்மா. ஒளியை விழுங்கிய ரைபோஃபிளேவின் சும்மா இருக்காது. ஆக்சிஜனைத் தூண்டிவிடும், அது பால் புரதத்தில் உள்ள மெத்தியோனின் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலத்தையும், கொழுப்பையும் தாக்கும். கந்தக வாடை வருவது அதில்தான். தானும் சிதைந்து லூமிகுரோம் என்ற வேறு பொருளாக மாறிவிடும். அக்கா, இதையும் செய்து பாருங்கள். பால் திரித்த தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றுக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள். இரண்டையும் வெயிலில் வைத்து, மத்தியானம் ஊதா விளக்கில் பாருங்கள்.

இந்த வெளிச்சம் தாங்காத குணத்தையே மருத்துவர்கள் வேலை வாங்குகிறார்கள். கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய்க்கு, கண்ணில் ரைபோஃபிளேவின் சொட்டு விட்டு புற ஊதா ஒளி காட்டுவார்கள். தூண்டப்பட்ட ஃபிளேவின் கருவிழியின் கொலாஜன் இழைகளுக்கு இடையே பிணைப்புகளை ஏற்படுத்தி இறுக்கிவிடும்.

தண்டையார்பேட்டை டியூஷன்

பாலில் எவ்வளவு இருக்கும் தம்பி? பிள்ளைகளுக்குக் கணக்கு போட வேண்டும்.

வியாசர்பாடி பயோகெம்

லிட்டருக்குச் சுமார் 1.8 மில்லிகிராம். ஒரு கிராம் வேண்டுமானால் ஒரு துளி வீணாகாவிட்டாலும் 550 லிட்டருக்கு மேல் பால் வேண்டும். 1879இலேயே ஆங்கிலேய வேதியியலாளர் வின்டர் பிளைத் பால் தெளிவில் இந்த மஞ்சளைப் பார்த்து லாக்டோகுரோம் என்று பெயர் வைத்தார். ஆனால் அது தூய வைட்டமினாகக் கைக்கு வர 1933 ஆகிவிட்டது. ஹைடல்பர்கில் ரிச்சர்ட் கூன், பால் ஜியார்ஜி, தியோடர் வாக்னர்-யாவுரெக் மூவரும் அதைச் செய்தார்கள். பாலில் எடுத்தது லாக்டோஃபிளேவின், முட்டையில் எடுத்தது ஓவோஃபிளேவின், ஈரலில் எடுத்தது ஹெப்பட்டோஃபிளேவின் என்று தனித்தனிப் பெயர் இருந்தது, பிறகுதான் எல்லாம் ஒன்றே என்று தெரிந்தது. 1935இல் கூனும் சூரிச்சில் பால் கேரரும் தனித்தனியாக அதை ஆய்வகத்தில் தயாரித்தார்கள்.

ஜியார்ஜி யூதர். கண்டுபிடித்த அதே 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேற வேண்டி வந்தது. கூனுக்கு 1938க்கான நோபல் கிடைத்தது, ஆனால் நாஜி அரசு அதை வாங்க விடவில்லை. வேதியியல் வகுப்பில் இதையும் சொல்லுங்கள் அக்கா, பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இப்போது யாரும் பாலில் இருந்து எடுப்பதில்லை. ஆஷ்பியா என்ற பூஞ்சையையும் சில பாக்டீரியாக்களையும் வளர்த்து எடுக்கிறார்கள். சாயக்கார ஐயா, அந்தப் பூஞ்சை முதலில் பருத்திக் காயைத் தாக்கும் நோயாகத்தான் அறியப்பட்டது. பஞ்சில் மஞ்சள் கறை விழும், அந்தக் கறை ரைபோஃபிளேவின்.

பழைய வண்ணை சாயக்காரர்

மஞ்சள் கறை பட்ட பஞ்சை மில்லில் தனியாக ஒதுக்குவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எந்தக் கறை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பஞ்சில் ஒரு வைட்டமின் ஊறும் என்பது புதுச் செய்தி தம்பி.

தண்டையார்பேட்டை டியூஷன்

ஞாயிறு வகுப்பு முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு இரண்டு டம்ளர் தண்ணீரையும் மொட்டை மாடியில் வைத்தோம். ஒரு மணிக்கு எடுத்து விளக்கில் காட்டினோம். தாள் சுற்றியது அதே பச்சை. சுற்றாததில் பச்சை நன்றாக மங்கி, லேசாக நீலம் தட்டியது. பிள்ளைகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒருவன் உடனே, "மிஸ், நம் பால் பூத்தில் டிரே மேல் சாக்கு போடச் சொல்லலாமா?" என்றான். சாயங்காலமே போய்ச் சொல்லியும் விட்டார்கள்.

அடுத்து ஹைட்ரோஸ். ஐயா சொன்னபடி காற்று வீசும் பக்கமாக நின்று, கரண்டி நுனியில் எடுத்து நானே போட்டேன். மாத்திரைத் தண்ணீரின் மஞ்சள் சில நொடிகளில் வெளிறியது, விளக்கில் பச்சை அடங்கியது. கையுறை போட்டுக்கொண்டு, அதை இரண்டு டம்ளர்களுக்கு இடையில் மாற்றி மாற்றி ஆற்றினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஹைட்ரோஸ் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போல, அது தீரும் வரை காற்றை அதுவே தின்றிருக்கும். ஏழெட்டு முறை ஆற்றிய பிறகு மஞ்சள் திரும்ப ஏறியது. முதலில் கேள்வி கேட்ட மாணவி நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "எலக்ட்ரான் வந்தால் நிறம் போகிறது, காற்று வாங்கிக்கொண்டால் நிறம் வருகிறது. எனக்குள்ளும் இப்போது இதுதான் நடக்கிறது."

சாயக்கார ஐயா, அடுத்த முறை நீங்களே வந்து நீலச் சாயத்தையும் காட்டினால் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

பழைய வண்ணை சாயக்காரர்

வருகிறேன் அம்மா. ஒரு முழம் வெள்ளைப் பருத்தித் துணி மட்டும் கஞ்சி போகத் துவைத்து வையுங்கள். மற்றதெல்லாம் நான் எடுத்து வருகிறேன்.

காசிமேடு விசைப்படகு

அக்கா, எனக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். கரைக்கு வந்ததும் காரப்பொடி இருபது எடுத்து, கடல் தண்ணீரோடு சின்ன கேனில் கொண்டு வருகிறேன். இருட்டு அறை வேண்டும்.

தண்டையார்பேட்டை டியூஷன்

வாருங்கள் தம்பி. ஏழு மணிக்கு மேல் வந்தால் சரியாக இருக்கும். ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை கட்டி வைக்கிறேன். எவ்வளவு ஒளி தெரிகிறதோ, அதை இங்கேயே எழுதுவோம்.